சிக்னல் மலையில எறங்குன மாப்பிள்ளை வீடு

என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க லயத்துக்கு, தோட்டத்துல நாங்க குடியிருக்குற வீட்டு வரிசைக்கு, வரல. எதுத்த மலைக்கு வந்தாங்க. பட்டுச்சேலை, பழத்தட்டு, வெள்ளை வேன் எல்லாத்தோடயும் தேயிலைக்கு நடுவுல எறங்கி நின்னாங்க. இந்தப் பக்கம் நான் தலை நெறைய பூவோட வாசல் இஸ்தோப்புல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப நெனச்சா வயிறு வலிக்கச் சிரிப்பு வருது. அன்னிக்கு அழுகதான் வந்துச்சு.

மொதல்ல ஒரு உண்மையச் சொல்லிடறேன். மாப்பிள்ளை எனக்குப் புதுசு இல்ல. நுவரெலியா டவுன்ல போன் திருத்துற கடை வச்சிருக்காரு, சொந்த ஊரு ராகலை. திரை ஒடஞ்சு போன என் போனைக் கொண்டு போய்க் குடுத்தேன். மனுசன் திருத்திக் குடுத்துட்டு, "வேல செய்யுதான்னு பாக்க ஒரு மெசேஜ் போடுங்க"ன்னாரு. போட்டேன். அதோட விட்டாரா? நானும்தான் விட்டேனா? எட்டு ஒம்பது மாசம் பேசிட்டோம். போன்ல அவரு பேரை "கேஸ் கடை"ன்னு பதிஞ்சு வச்சிருந்தேன். ஒருநா டவுன்ல வச்சுப் போன் அடிச்சப்ப எங்கம்மா, "ஏன்டி, அந்த கேஸ் கடைக்காரன் என்ன ஞாயித்துக்கெழம கூடவா கூப்புடுவான்?"ன்னு கேட்டாங்க. "சிலிண்டருக்குத் தட்டுப்பாடும்மா"ன்னேன். பொய் அப்படியே வழுக்கிக்கிட்டு வந்துச்சு.

வெவகாரம் அவங்க அம்மாகிட்டதான். மூத்த மகன் கொழும்புல ஒரு பொண்ண விரும்பி, வீட்டுல சொல்லாமக்கொள்ளாம ரெஜிஸ்டர் பண்ணிட்டாரு. அதுலருந்து அந்த வீட்டுல விருப்பக் கல்யாணம்னு வாயத் தொறக்க முடியாது. "சின்னவனுக்கு நான் பாக்குற பொண்ணுதான், இல்லன்னா என் கண்ணுல முழிக்க வேணாம்"ன்னு சொல்லிப்புட்டாங்க. நேரங்காலம் பாக்குறதுலயும் பெரிய ஆளு. ராகு காலத்துல அவங்க கடைக்குக் கூடப் போக மாட்டாங்களாம்.

அதனால நாங்க ரெண்டு பேரும் ஒரு நாடகம் போட்டோம். எங்க பெரியம்மா மக ஒருத்தங்க ராகலையில வாழ்க்கப்பட்டிருக்காங்க. அந்த அக்கா போய் அவங்க அம்மாகிட்ட, "லிந்துலைப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கு, புள்ளக்காம்பராவுல டீச்சர், அம்புட்டு அடக்கம், வாயத் தொறந்தா சத்தமே வராது"ன்னு அளந்து விட்டாங்க. புள்ளக்காம்பரான்னா, அம்மாமாரு கொழுந்து எடுக்கப் போறப்ப சின்னப் புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். அங்க வேல பாக்குறவளுக்குச் சத்தம் வராதாம்! காத்தடிக்கிற மேட்டுல ஓடுற புள்ளைங்களக் கூப்புட்டுக் கூப்புட்டு எனக்கு இருக்குற தொண்ட கோயில் ஸ்பீக்கருக்கு இருக்காது. ஆனா அவருகிட்ட போன்ல பேசுறப்ப மட்டும் பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு மெல்லமா, குசுகுசுன்னு பேசுவேன். பாவம், அதுதான் என் கொரல்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு.

அவங்க அம்மாவுக்கு அக்கா சொன்னது புடிச்சுப் போச்சு. ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகு காலம் தொடங்கும், அதுக்கு முன்னாடி வந்து பாத்துடணும்னு முடிவாச்சு. தவறுச்சுன்னா அவங்க திரும்பிப் போயிருவாங்க, மறுபடி வர மாட்டாங்கன்னு அவரே சொல்லியிருந்தாரு.

சனிக்கெழம சாயந்தரம் அவரு கேட்டாரு, "லொகேஷன் அனுப்பு, வேன்காரருக்குக் குடுக்கணும்"னு. நானும் உடனே அமுக்குனேன். போய்ச் சேந்துச்சு. நீல டிக்கும் விழுந்துச்சு. அப்பா மட்டும், "நாளைக்கு நான் சந்தியில போய்க் கொடை புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்மா, அதான் மரியாத"ன்னாங்க. எங்க பக்கம் மாப்பிள்ளை வீடு வந்தா யாராச்சும் சந்தியில நின்னு கூட்டிக்கிட்டு வர்றதுதான் வழக்கம். நான் கேட்டாத்தானே! "அப்பா, லொகேஷன் அனுப்பியாச்சு. வேன் நம்ம வாசல்லயே வந்து நிக்கும். நீங்க எதுக்கு மழையில நனைஞ்சுக்கிட்டு?"ன்னு பெரிய இவ மாதிரி சொன்னேன். அப்பா கொடைய மடக்கி வச்சிட்டாங்க.

ஞாயித்துக்கெழம காலையிலருந்தே கரண்ட் இல்ல. நான் அதப்பத்திக் கவலப்படல. போன்ல பாதிக்கு மேல சார்ஜ் இருந்துச்சு. முன்னாடியே எறக்கி வச்சிருந்ததுல முடி அலங்காரத்துக்கு ஒரு வீடியோ, கண்ணு மை போட ஒரு வீடியோ, நடு நடுவுல போட்டோ. சேல கட்டவும் வீடியோதான். வெக்கத்த விட்டுச் சொல்றேன், எனக்கு அந்தப் பொம்பள சொல்லிக்குடுக்காம கொசுவம் மடிக்கத் தெரியாது. எத்தன தடவ கட்டியிருக்கேன், ஒரு தடவ கூட மண்டையில ஏறல. என்னத்துக்கு ஏறணும், அதான் அவ இருக்காளேன்னு விட்டுட்டேன். அவ என்ன பண்ணுனா? "இப்ப இந்த மடிப்ப இடது கையில புடிச்சுக்கிட்டு..."ன்னு சொல்லிக்கிட்டே போனோட சேந்து செத்துப் போனா.

மடிப்பப் புடிச்ச கையோட நான் எங்க வீட்டுக் காம்பரா நடுவுல செல மாதிரி நிக்கிறேன். பக்கத்து வீட்டு, அடுத்த காம்பரா அக்கா ஓடி வந்தாங்க. "இங்க குடு"ன்னு வாங்கி, அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி சுத்தி, ஊக்கு மேல ஊக்கா குத்தி விட்டாங்க. "மூச்ச மட்டும் பெருசா விட்றாத"ன்னு புத்தி வேற சொன்னாங்க. நானும் விடல.

மூணு மணியாச்சு. மூணரையாச்சு. வேனக் காணல. மணி பாக்கக் கூட அப்பாவோட பட்டன் போன்தான். செவத்துக் கடிகாரம் பேட்டரி தீந்து எத்தனையோ மாசமா பத்து மணியிலயே நிக்கிது, எல்லார்கிட்டயும் போன் இருக்கே, யாரு அதுக்குப் பேட்டரி வாங்குறது? அம்மா வடை சுட்டு அடுக்கிட்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துக்கிட்டே இருந்தாங்க.

அப்பதான் என் தம்பி வெளியிலருந்து கத்துனான். "அக்கோவ்! எதுத்த மலையில ஒரு வெள்ள வேன் நிக்கிது!"

எல்லாரும் இஸ்தோப்புக்கு ஓடுனோம். ஆமா, நிக்கிது. கொழுந்து நிறுக்குற தகரக் கொட்டிலுக்குப் பக்கத்துல. அந்தக் கொட்டிலப் பாத்ததும் எனக்குப் பகீர்னுச்சு. ஏன்னா எங்க லயம் பள்ளத்துக்குள்ள ஒட்டிக்கிட்டு கெடக்குது, இங்க ஒரு கோடு சிக்னல் கூடக் கெடையாது. அந்தக் கொட்டில்கிட்டதான் நாலு கோடும் நிக்கும். வேல முடிஞ்சு தெனமும் நான் அங்க நின்னுதான் அவருகூடப் பேசுவேன். சனிக்கெழம அங்க நின்னுதான் லொகேஷனையும் அமுக்குனேன். "இப்ப நீ எங்க இருக்க"ன்னுதானே அந்தப் போன் பாக்கும்? அதுக்குத் தெரிஞ்ச வரைக்கும் நான் தகரக் கொட்டில்ல குடியிருக்குறவ.

அடக் கடவுளே, நான் மாப்பிள்ளை வீட்ட வீட்டுக்குக் கூப்புடல, சிக்னலுக்குக் கூப்புட்டிருக்கேன்!

தம்பி அவன் போன எடுத்து ஜூம் பண்ணுனான். "அக்கா, நீலப் பட்டுச்சேலை கட்டுன அம்மா ஒண்ணு. தட்டு வச்சிருக்குற மாமா ஒண்ணு. மாப்ள போனக் காதுல வச்சிக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்குறாரு." யாருக்குப் பேசுறாரு? எனக்குத்தான். என் போன் அடுப்படிப் பலகையில பொணமாக் கெடக்குது. அதுக்கு உசுரு இருந்தாலும் இங்க சிக்னல் இல்ல. ஞாயித்துக்கெழமங்குறதால மலையில கொழுந்து எடுக்குறவங்களும் இல்ல, வழி கேக்க ஒரு ஈ காக்கா கெடையாது. ரோட்டால சுத்தி வரணும்னா திரும்ப டவுன் வரைக்கும் எறங்கி, தேயிலை ஃபேக்டரி ஸ்டோரு பக்கமா ஏறணும், ஒரு மணி நேரம் தாண்டிரும்.

"தண்ணி டாங்கி மேல ஏறுனா என் போனுக்கு எப்பயாச்சும் ஒரு கோடு விழும். நம்பரச் சொல்லு, நான் ஏறிப் பேசுறேன்"னாங்க அடுத்த காம்பரா அக்கா. நல்ல யோசனதான். நான் வாயத் தொறந்தேன். அப்பதான் ஒறச்சுது. எட்டு ஒம்பது மாசமா தெனமும் பேசுன மனுசனோட நம்பர் எனக்குத் தெரியாது! மொத மூணு எண்ணு தெரிஞ்சுது. அது தோட்டத்துல பாதிப் பேருக்கு அதேதான். "அப்பா, அவங்க வீட்டு நம்பர் ஒங்க போன்ல?"ன்னு கேட்டேன். "நீதானேம்மா என் போன்ல நம்பர் போட்டுத் தருவ, நீ போடலயே"ன்னாங்க.

அதுக்கப்புறம் நடந்த கூத்த என்னன்னு சொல்ல! தம்பி வாய்க்குப் பக்கத்துல கையக் குவிச்சு, "ஹலோ! ஹலோ! கேக்குதா?"ன்னான். போன்ல பேசுற மாதிரியே. இன்னொரு பையன் போன் டார்ச்ச அடிச்சுக் காட்டுனான், பட்டப் பகல்ல. நாலு பேரு வீடியோ எடுத்தாங்க. எடுத்து என்ன பண்ண? யாருக்கும் அனுப்பக் கூட முடியாது. அங்க அவங்க எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, வேன்காரரு போனயே குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. வந்து சேந்துட்டீங்கன்னு அது சொல்லியிருக்கும். நிமுந்து ஒரு தடவ எதுத்தாப்புல பாத்தா நாங்க லயமே தெரண்டு நிக்கிறது தெரியும். பாத்தாத்தானே!

"மணி நாலு தாண்டிருச்சு"ன்னாங்க அப்பா.

அந்த அம்மா வேன் கதவத் தொறக்குறத தம்பி சொன்னான். "அக்கா, அந்த நீலச்சேல ஏறப் போகுது."

அவ்வளவுதான். எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியாது. பொண்ணுன்னா காம்பராவுக்குள்ள தலையக் குனிஞ்சு நிக்கணும், கூப்புட்டா வந்து கும்புடணும், கேட்டா மட்டும் பதில் சொல்லணும். அதெல்லாம் எனக்கும் சொல்லித்தான் வச்சிருந்தாங்க. நான் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, கோழிக்கூட்டுப் பக்கத்துல இருந்த கல்லுல ஏறி நின்னேன். அம்மா, "அடியே எறங்குடீ!"ன்னு பதறுனாங்க. மூச்ச நெறைய இழுத்தேன். ரெண்டு ஊக்கு தெறிச்சுது.

"ஏங்க்க்க்கோ...வ்வ்வ்! இங்ங்கோ...வ்வ்!"

மலை மேல ஓடுற புள்ளைய நான் அப்படித்தான் கூப்புடுவேன். சத்தம் பள்ளத்துல எறங்கி எதுத்த மலையில ஏறி இடிச்சுட்டுத் திரும்பி வந்துச்சு. நாயெல்லாம் கொரச்சுது. அங்க நின்ன அத்தன பேரும் ஒரே நேரத்துல திரும்புனாங்க. வேனுக்குள்ள ஒரு கால வச்ச அந்த அம்மா அந்தக் கால வெளிய எடுத்தாங்க.

"நீங்க நிக்கிறது தப்பான எடம்! வீடு இங்ங்க இருக்கு!"

அவரு ரெண்டு கையயும் தலையில வச்சாரு. அவருக்கு என் கொரல் அடையாளம் தெரியலயோ என்னமோ, இந்தப் பக்கமே உத்துப் பாத்தாரு. அப்புறம் பாருங்க, நுவரெலியாக் கடைக்குள்ள மெதுவா "என்ன வேணும்மா"ன்னு கேக்குற அந்த மனுசனுக்கு எங்கருந்துதான் அப்படி ஒரு தொண்ட வந்துச்சோ!

"குட்டீ...ஈ! நீ லொகேஷன் அனுப்புன எடத்துலதான்டீ நிக்கிறேன்...ன்!"

குட்டியாம். டீயாம். ரெண்டு மலைக்கும் கேட்டுச்சு. அப்பா என்னப் பாத்தாங்க. அம்மா வாயில முந்தானைய வச்சாங்க. அடுத்த காம்பரா அக்கா மட்டும், "கேஸ் கடையா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. நான் தலைய ஆட்டுனேன். எதுத்தாப்புல அந்த அம்மா மகன் பக்கம் திரும்பி நிக்கிறாங்க. முடிஞ்சுது, எல்லாம் போச்சுன்னு எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

ஆனா இனிமே மறைக்க என்ன இருக்கு? தண்ணியில நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு? "வேன விட்டுட்டுக் கீழ எறங்குங்க! குறுக்குப் பாத இருக்கு!"ன்னு கத்துனேன். "எந்தப் பக்கம்?"ன்னாரு. "இடது பக்கம்!" அவரு எதுத்தாப்புல நிக்கிறாருன்னு மறந்துட்டேன். எல்லாரும் தட்டத் தூக்கிக்கிட்டு தண்ணி ஓடுற கான் பக்கம் போயிட்டாங்க. "அய்யோ அது இல்ல! ஒங்க வலது! சோத்துக்கைப் பக்கம்! சோத்துக்கை!" அவரு கையத் தூக்கிப் பாத்துட்டுத் திரும்புனாரு. எங்க லயமே சேந்து, "சோத்துக்கை! சோத்துக்கை!"ன்னு கத்த ஆரம்பிச்சுது. ஹலோ சொன்ன தம்பிக்கும் தொண்ட தொறந்துருச்சு. "அந்தப் பெரிய பாறையத் தாண்டுங்க! சவுக்கு மரத்துக்கு நேரா வாங்க! பாலத்துல ஒவ்வொருத்தரா வாங்க!" வேடிக்க பாக்க வந்தவங்க, வீடியோ எடுத்தவங்க, எல்லாரும் போன இடுப்புல செருகிட்டு வழி சொன்னாங்க. ஆளுக்கொரு வழி.

தட்டோட வந்த மாமா, அந்த அம்மாவோட தம்பியாம், ஒரு எடத்துல வழுக்கி உக்காந்தாரு. ஆப்பிள் எல்லாம் தேயிலைக்குள்ள உருண்டு ஓடுச்சு. எங்களால சிரிக்கவும் முடியல, சிரிக்காம இருக்கவும் முடியல. அவரு அம்மாவ ஒரு கையால புடிச்சுக்கிட்டு, மறு கையில அம்மாவோட செருப்பத் தூக்கிக்கிட்டு எறங்கி வந்தாரு. அந்த அம்மா ஒரு எடத்துலயும் திரும்பிப் போறேன்னு சொல்லல. ஏன் சொல்லலன்னு எனக்கு அப்ப வெளங்கல. வந்து சேரட்டும், வச்சுத் திட்டப் போறாங்கன்னுதான் நெனச்சேன்.

வந்து சேந்தாங்க. பட்டுச்சேல முழங்கால் வரைக்கும் சேறு. மாமா கால்ல ரெண்டு அட்டை. அப்பா அட்டை மேல தேய்க்கச் சவர்க்காரக் கட்டிய எடுத்துக்கிட்டு ஓடுனாங்க, அம்மா சுடுதண்ணி கொண்டு வந்தாங்க. நான் காம்பராவுக்குள்ள போய்க் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். கலைஞ்ச முடி, அவுந்த கொசுவம், கத்திக் கத்தி கம்முன தொண்ட. இந்த அழகுல என்னத்தக் கும்புட?

"அந்தப் பொண்ணக் கூப்புடுங்க"ன்னாங்க.

போய் நின்னேன். பெரிய உருவம், பெரிய பொட்டு, மூச்சு இன்னும் வாங்குது. "நீதானே கத்துனது?"

"ஆமாங்கம்மா."

"எவ்வளவு நாளா?"

அவரு, "அம்மா, நான் சொல்றேன்"ன்னு குறுக்க வந்தாரு. "நீ சும்மா இரு. ஒன் சத்தத்ததான் அங்கயே கேட்டேனே"ன்னாங்க. நான் தரையப் பாத்துக்கிட்டு உண்மையச் சொன்னேன். "தீபாவளிக்கு முந்தியிலருந்துங்க."

அந்த அம்மா எங்க அம்மாவப் பாத்துச் சொன்னாங்க. "மூத்தவன் கல்யாணத்த எனக்குப் போன்ல ஒரு போட்டோவா அனுப்புனான். கீழ ஒரு வார்த்த எழுதல. நான் அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், அதுகிட்ட என்னத்தக் கேக்குறது? இவனும் மறைச்சுத்தான் வச்சிருக்கான், திருட்டுப்பய. ஆனா இன்னைக்கு எனக்குப் பக்கத்துல நின்னு, தொண்ட கிழியச் சொன்னான்." சொல்லுறப்பவே கண்ணு கலங்கிருச்சு. எனக்கும்தான். கல்லு மாதிரி ஒரு மாமியார நெனச்சுப் பயந்துக்கிட்டு இருந்த எனக்கு, ஓடிப் போய் அவங்க மடியில விழுந்துரலாமான்னு இருந்துச்சு.

அப்பதான் அட்டை கடிச்ச கால நீட்டிக்கிட்டு உக்காந்திருந்த மாமா எங்க அப்பாவோட போன எட்டிப் பாத்தாரு. "அக்கா, நாலே முக்கால் ஆச்சு. ராகு காலம் நடக்குது. இந்த நேரத்துல பொண்ணு பாத்தா வெளங்குமா? எந்திரிங்க, இன்னொரு நாளைக்குப் பாப்போம்"ன்னாரு.

மாப்பிள்ளை மொகத்துல ரத்தம் இல்ல. இன்னொரு நாளு வராதுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த அம்மா எந்திரிக்கல. சேறு காயுற சேலைய மெதுவா ஒதறி விட்டுக்கிட்டு, தன் தம்பியப் பாத்தாங்க.

"நீ எப்ப பாத்தியோ எனக்குத் தெரியாது"ன்னாங்க. "நான் அந்த மலையில நிக்கிறப்பவே பொண்ணப் பாத்துட்டேன். அப்ப மணி நாலு."